புகாரில் இரண்டாவது பெயர்

வாய்க்கால் கரையோடு உத்தமபாளையம் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். இடது காதில் எந்தச் சத்தமும் விழவில்லை. வலது காதில் தண்ணீர் ஓடுவது கேட்டது. ஒரு செருப்பு சித்தப்பா வீட்டு வாசலில் கிடந்துவிட்டது, மற்றதை நானே கழற்றி வாய்க்காலில் எறிந்தேன். ஒற்றைச் செருப்போடு நடப்பதைவிட வெறுங்கால் தேவலை. நாக்கால் தடவிப் பார்த்தபோது மேல்வரிசையில் ஒரு பல் ஆடியது. பின்கழுத்து வீங்கி, தலையைத் திருப்ப முடியவில்லை. கழுத்தில் இருந்தது சித்தப்பா மகன் கொடுத்தது. மற்றதெல்லாம் என் சொந்த அண்ணன்.

எதிரே மொபெட்டில் புல்லுக்கட்டோடு வந்தவர் வண்டியை நிறுத்தினார்.

"என்னப்பா, விழுந்துட்டியா?"

"ஆமா."

"எங்கன?"

"அங்கன" என்று கையைப் பின்னால் காட்டினேன்.

அவர் என் சட்டையைப் பார்த்தார், நான் காட்டிய திசையைப் பார்த்தார், வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விட்டார். எங்கள் பக்கத்தில் ரத்தத்தோடு நடக்கிறவனிடம் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள். கேட்டால் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள்.

பாஸ்போர்ட் என் இடுப்பில், பிளாஸ்டிக் கவரில் இருந்தது. அடுத்த வாரம் நான் ஜப்பானில் வகுப்பில் இருக்க வேண்டும்.

ஜப்பானுக்கும் எனக்கும் ஒட்டு உறவு எதுவும் கிடையாது. ஒன்பதாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் டஸ்டரின் கட்டைப் பக்கத்தால் என் விரல் முட்டிகளில் அடித்தார். நான் டஸ்டரைப் பிடுங்கி அவர் மேல் வீசிவிட்டுச் சுவரேறிக் குதித்தேன். அதன்பின் பள்ளிக்கூடத்துக்குள் போகவில்லை. கொச்சிக்குக் காய்கறி ஏற்றும் லாரியில் கிளீனராக இருந்தேன். ஏலத்தோட்டத்தில் மருந்தடித்தேன். சேலம் பக்கம் கிணறு வெட்டும் கூட்டத்தோடு போய், வெடிக்குத் தப்பி ஓடுவதைக் கற்றுக்கொண்டேன். திருப்பூரில் சாயப்பட்டறை. எங்கேயும் ஒரு வருஷம் முழுசாக இருந்ததில்லை. நடுவில் பத்தாவதையும் பன்னிரண்டாவதையும் பிரைவேட்டாக எழுதிப் பாஸ் செய்தேன். ஏன் எழுதினேன் என்று கேட்டால், ஒரு மழைக்காலத்தில் வேலை இல்லை, அதனால்தான்.

தேனியில் உரக்கடை மாடியில் ஒரு சென்டர் இருந்தது. ஜப்பானில் மொழி படித்துக்கொண்டே வேலையும் பார்க்கலாம் என்று போர்டு. கீழேயிருந்து யூரியா வாசம் வர, மேலே நாங்கள் ஜப்பான் எழுத்தைக் கத்திக் கத்திப் படிப்போம். மற்ற பையன்கள் சம்பளத்தை நினைத்து வந்தார்கள். நான் அதுவரை போன எல்லா ஊரையும்விட அது தூரம் என்பதால் வந்தேன்.

அங்கே கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். பாதி வருஷம் பனி. காலையில் மொழிப்பள்ளி, மற்ற நேரம் கோழிக்கறித் தொழிற்சாலை. தொழிற்சாலையில் கோழி தலையில்லாமல், உரித்து, சில்லிட்டு என் முன்னால் வரும். தொடையிலிருந்து எலும்பை உருவி எடுக்க வேண்டும். கத்தி சின்னது, பிளேடு மாதிரி. வாரத்துக்கு ஒருவனாவது விரலை அறுத்துக்கொள்வான். பெல்ட் நிற்காது. ரத்தம் பட்ட துண்டை மட்டும் எடுத்து நீலத் தொட்டியில் போட்டுவிட்டு அடுத்ததை அறுப்போம்.

வகுப்பு வேறு மாதிரி. ஹீட்டர் பக்கத்தில் என் இடம். ஒவ்வொரு எழுத்துக்கும் எந்தக் கோடு முதலில், எந்தக் கோடு பிறகு என்று முறை இருந்தது. முறை தவறினால் ஆசிரியை என் தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் மறுபடி எழுதிக் காட்டுவார். அவ்வளவுதான். தப்பாக எழுதிவிட்டு முதல் சில நாட்கள் கையைத் தானாக இழுத்துக்கொள்வேன். அடி விழாது என்பது கைக்குப் புரிய ஒரு மாதம் ஆனது. அடி வாங்காமல் நான் உட்கார்ந்த முதல் வகுப்பு அதுதான். முதல் தடவையாக ஓரிடத்தில் இன்னொரு வருஷம் இருக்கலாம் என்று நினைத்ததும் அங்கேதான்.

அதையும் ஒருநாள் கெடுத்துக்கொள்ளப் பார்த்தேன். தொழிற்சாலையில் எங்கள் வரிசையை மேய்க்கிறவர், தட்டைச் சரியாக அடுக்கவில்லை என்று தட்டின் விளிம்பால் என் மணிக்கட்டில் தட்டினார். பெரிய அடி ஒன்றும் இல்லை. ஆனால் என் கை மூடிவிட்டது. அவரைத் தள்ளியதில் எஃகு மேஜையில் மோதி அவர் புருவம் கிழிந்தது. வெள்ளைத் தொப்பியெல்லாம் சிவப்பு. பள்ளியில் என்னை ஊருக்கு அனுப்பிவிடுவது என்று பேச்சு வந்தது.

அன்று சாயங்காலம் ஆசிரியை என்னை அந்த அடிபட்டவர் வீட்டுக்கு அழைத்துப் போனார். வழியில் ஒரு பெட்டி இனிப்பு வாங்கினார். நின்றுகொண்டே சொல்லிக்கொடுத்தார்: இடுப்பிலிருந்து மடங்க வேண்டும், கழுத்திலிருந்து கூடாது. மன்னிப்பு என்ற ஒரு வாக்கியம், அதற்கு மேல் ஒரு சொல் கூடாது. அவர் முதலில் தட்டினார் என்று நான் ஆரம்பித்தேன். "அதைத்தான் சொல்லக் கூடாது" என்றார். காரணம் சொன்னால் அது மன்னிப்பு ஆகாதாம், வழக்கு ஆகிவிடுமாம். எதிராளி நிமிரச் சொல்கிறவரை நிமிரக் கூடாதாம்.

வாசலில் நான் குனிந்தேன். பக்கத்தில் ஆசிரியையும் குனிந்தார். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. பனி எங்கள் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. புருவத்தில் தையலோடு அந்த மனிதர் இனிப்புப் பெட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்து, நிமிரச் சொன்னார். இரண்டு நாளில் அதே வரிசையில் வேலைக்கு நின்றேன். அவர் தட்டை எப்படி அடுக்குவது என்று விரலால் காட்டினார். நான் அடுக்கினேன்.

வருஷத் தேர்வு முடிந்து லீவு விட்ட அன்று அண்ணன் போன் செய்தான்.

"அப்பா மண்டைய ஒடைச்சுட்டாங்ஙெ. நீ வர்றயா, இல்ல அங்கன உக்காந்து மீன் திங்கிறயா?"

உடைத்தது சித்தப்பா மகன். அப்பாவும் சித்தப்பாவும் பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை. இரண்டு வீட்டுத் திராட்சைத் தோட்டத்துக்கும் ஒரே கூட்டுக் கிணறு, ஒரே மோட்டார், ஒருநாள் விட்டு ஒருநாள் முறை. ஒருவர் முறையில் கரண்ட் போய்விட்டால், போன நேரத்தை மறுநாள் எடுத்துக்கொள்ளலாமா கூடாதா என்பதில் வெகுநாளாகத் தகராறு. அன்றைக்கு அப்பா சித்தப்பா முறையில் போய் சுவிட்சைப் போட்டிருக்கிறார். சித்தப்பா மகன் மண்வெட்டிப் பிடியால் தலையில் போட்டுவிட்டான்.

தேனி பெரிய ஆஸ்பத்திரியில் அப்பா மொட்டைத் தலையில் தையலோடு படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டது ஒன்றுதான்: "நம்ம மொறைக்கு மோட்டார் ஓடுச்சா?"

போலீசில் புகார் கொடுக்கலாம் என்று சொன்னேன். அண்ணன் சிரித்தான். "கேஸ் குடுக்குறவனுக்குக் கை எதுக்குலே?"

நான் அப்பாவுக்குத் துணையாக வார்டில் இருந்தேன். இரண்டு நாள் கழித்து அண்ணன் வந்து ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கீழே என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, கையை விரித்துக் காட்டினான். ரம்பம் பிடித்துக் கொப்புளம் போட்ட கை. சித்தப்பா தோட்டத்தில் பாதிப் பந்தலின் கொடிகளை மூட்டோடு அறுத்திருந்தான். திராட்சைக்கொடி காய்க்கு வர வருஷங்கள் ஆகும். அறுக்க இரண்டு இழுப்பு. வெட்டுவாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். மேலே பந்தலில் இலையும் பழமும் நடந்தது தெரியாமல் பச்சையாகத் தொங்கும், பிறகு ஒரே வெயிலில் சுருண்டுவிடும். மனுஷனை வெட்டுவதற்கு ஒரு படி கீழே எங்கள் பள்ளத்தாக்கில் அதுதான்.

மறுநாள் காலையில் சித்தப்பா மகன் எனக்குப் போன் செய்தான்.

"ஜப்பான் அண்ணே, டிக்கெட்ட கேன்சல் பண்ணிருங்க. மத்தியானம் புகார் குடுக்கப் போறோம். ரெண்டாவது பேரு நீங்கதேன்."

இது எங்கள் பக்கத்து வழக்கம். புகார் எழுதும்போது செய்தவன் பெயர் முதலில் வரும். அடுத்து, அந்த வீட்டில் எவன் போலீஸ் தேர்வு எழுதியிருக்கிறான், எவனுக்கு மிலிட்டரி ஆர்டர் வந்திருக்கிறது, எவனுக்கு விசா அடித்திருக்கிறது என்று பார்த்து அவன் பெயரைப் போடுவார்கள். சம்பவத்தில் இருந்தானா என்பது பேச்சே இல்லை. அரிவாளால் செய்ய முடியாததை அந்தப் பெயர் செய்யும். விவரமான வீடுகளில் சண்டைக்குப் போகும் முன்பே அப்படிப்பட்டவனை வெளியூருக்கு அனுப்பி, ஏதாவது நகைக்கடை கேமராவில் விழுகிற மாதிரி நிற்கச் சொல்வார்கள். என் அண்ணனுக்கு அவ்வளவு யோசனை கிடையாது. நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன் என்று நிரூபிக்கலாம்தான். அது வழக்கு முடியும்போது உதவும். வழக்கு முடிய வருஷங்கள் ஆகும். என் வகுப்பு அடுத்த வாரம்.

அம்மாவை அப்பாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுப் பஸ் ஏறினேன். அண்ணனிடம் சொல்லவில்லை. நேராகச் சித்தப்பா வீட்டுக்குப் போனேன்.

வாசலில் பிளாஸ்டிக் கிரேட்டுகளை அடுக்கியிருந்தார்கள். சின்னாத்தா, சித்தப்பாவின் மனைவி, தரையில் உட்கார்ந்து அறுபட்ட கொடியிலிருந்து பறித்து வந்த குலைகளைக் கொட்டி, வாடாத பழத்தை மட்டும் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். சித்தப்பா நாற்காலியில் இருந்தார். மகன் கிரேட் தூக்கிக்கொண்டிருந்தான்.

"வாங்க ஜப்பான் அண்ணே. எத்தனை பேரோட வந்திருக்கீக?"

"தனியாத்தான்."

சித்தப்பாவின் முன்னால், இரண்டு எட்டு தள்ளி நின்றேன். "கொடிய அறுத்தது தப்பு சித்தப்பா. மன்னிச்சுருங்க" என்றேன். இடுப்பிலிருந்து மடங்கிக் குனிந்தேன். அதற்கு மேல் பேசவில்லை.

எங்கள் ஊரில் மன்னிப்பு அப்படிக் கேட்பதில்லை. மன்னிச்சுருங்க என்ற பிறகுதான் பேச்சே தொடங்கும். அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னா என்று இவன் ஆரம்பிப்பான், அவர்கள் ஏசுவார்கள், இவன் பதில் சொல்வான், பழைய கதையெல்லாம் வரும், ஒருவர் அழுவார், கடைசியில் இவன் காலைப் பிடிப்பான், அவர்கள் தூக்கிவிடுவார்கள், டீ வரும். நான் அவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமே கொடுக்கவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

"என்னலே இது?" என்றார் சித்தப்பா. "பேசு. மேல பேசு. எங்க மொறையில சுவிட்சுல கைய வச்சது ஆரு? சொல்லுலே."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நசுங்கிய பழத்தில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது.

"முதுகு பிடிச்சிருச்சு போலப்பா" என்றான் மகன்.

"கால்ல விழ வந்தவன் கால்ல விழணும். இவன் என்ன, எட்ட நின்னு ஆழம் பாக்குறான்?"

"நம்ம காலத் தொட்டா அவுக கை அழுக்காயிரும்ல. கேலி பண்றான்ப்பா. ஆரையாவது நிறுத்தி போன்ல படம் எடுக்கச் சொல்லிருப்பான். அங்கன போய்ச் சிரிக்கிறதுக்கு."

குனிந்திருந்த கழுத்து அடிப்பதற்கு வசதியானது. கிரேட்டின் விளிம்பு பின்கழுத்தில் இறங்கியது. முழங்காலில் விழுந்தேன். எழுந்து மறுபடியும் குனிந்தேன். இன்னொரு அடி. என் கை மூடியது. பக்கத்திலேயே ஆள் தலை அளவுக்கு ஒரு கல் கிடந்தது. கையைத் திறந்து தொடையில் ஒட்டி வைத்துக்கொண்டேன்.

"ஏலே, விடுலே" என்றார் சின்னாத்தா. "அவன் நிமிர மாட்டேங்குறான்லே. என்னமோ நேத்திக்கடன் மாதிரி நிக்கிறான். விடு."

சித்தப்பா நாற்காலியிலிருந்து எழுவது தெரிந்தது. என்னை நிமிரச் சொல்லத்தான் எழுந்தாரா என்று எனக்குத் தெரியாது. அதற்குள் அண்ணனின் பைக் வந்து நின்றது. யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அவன் கண்ணாடியில் மாட்டியிருந்த ஹெல்மெட்டோடு இறங்கினான். செக்போஸ்டைத் தவிர வேறு எங்கும் அவன் தலையில் ஏறாத ஹெல்மெட். முதல் அடி இடது காதில்.

"அப்பா தையலோட கெடக்காக! நீ இவங்ஙெ வாசல்ல குனிஞ்சு நிக்கிறயா? குனியத்தான் அம்புட்டுத் தூரம் போய்ப் படிச்சயா?"

வாயில், விலாவில், விழுந்த பிறகு காலால். நான் கையைத் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் கொன்றிருப்பான், அல்லது நான் கொன்றிருப்பேன். அவனை என் மேலிருந்து இழுத்துப் போட்டது சித்தப்பாவும் அவர் மகனும்தான். சித்தப்பா மகனுக்கு அதில் உதடு கிழிந்தது. அண்ணன் தெருவில் நின்று, "இனிமே வீட்டுப் பக்கம் வந்த, கால வாங்கிருவேன்" என்று கத்திவிட்டுப் பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

சின்னாத்தா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் வாயைக் கழுவச் சொன்னார். சித்தப்பா நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இப்போது அவர் குரல் இறங்கியிருந்தது.

"இங்கேரு. உன்னைய சேக்கணும்னு எனக்கு ஆசையில்ல. நீ சாட்சியா வா. ரம்பத்தோட போனது உங்கண்ணன்தான், எங்கிட்டயே சொன்னான்னு எழுதிக் குடு. உன் பேர எடுத்துர்றேன். அங்கன போய்ப் படி, பொழச்சுக்க. உன்னைய இந்த அடி அடிச்சிருக்கான், எவனும் தப்புன்னு சொல்ல மாட்டான்."

நியாயமான பேச்சுதான். அண்ணன் என்னிடம் சொன்னது உண்மை. அந்தக் கொப்புளம் போட்ட கை என் கண்ணிலேயே இருந்தது. ஹீட்டர் பக்கத்து இடமும், தாளின் ஓரத்தில் சிவப்பு மையும் கண்ணில் இருந்தன.

"முடியாது சித்தப்பா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் நேராகச் சொல்லத் தெரியவில்லை. பாசம் என்று எழுதினால் பொய். அவன் அடித்து முடித்த கையோடு நான் கையெழுத்துப் போட்டால், அது கொடிக்காகப் போட்டதாக இருக்காது, அடிக்காகப் போட்டதாக இருக்கும். அப்போது தோன்றியது அவ்வளவுதான்.

"அப்ப ரெண்டாவது பேரு நீதான்."

"சரி சித்தப்பா."

எழுந்தேன். பழக்கத்தில் மறுபடி குனிந்துவிட்டேன். சித்தப்பா மகன் கிரேட்டைத் தேடினான். நடந்துவிட்டேன்.

உத்தமபாளையம் நெருங்கும்போது ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. புகார் எனக்கு முன்னால் பைக்கில் போய்ச் சேர்ந்திருந்தது. பாஸ்போர்ட்டோடு வரச் சொன்னார்கள். தப்பித்துக் கேரளாவுக்குள் ஏறிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அந்த மலைப்பாதை எனக்கு வீட்டு வாசல் மாதிரி. ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் ஜப்பான் இல்லை. போலீஸ் தேடுகிறவனுக்கு எந்த விமான நிலையமும் திறக்காது. போனேன்.

அண்ணனை அதற்குள் பிடித்துவிட்டிருந்தார்கள். சட்டையில்லாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

"இவன எதுக்கு சார் கூப்பிட்டீக? இவன் ஆஸ்பத்திரில கெடந்தான். அறுத்தது நானு. நான் மட்டும்தேன்."

ஒரு போலீஸ்காரர் அவன் கன்னத்தில் அறைந்து உட்காரவைத்தார். மறுபடி எழுந்து அதையே சொன்னான். மறுபடி அறை விழுந்தது. மூன்றாம் தடவை அவன் எழவில்லை.

மேஜையில் இருந்தவர் பாஸ்போர்ட்டை வாங்கிப் புரட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"ஆரு அடிச்சா?"

"விழுந்துட்டேன் சார்."

"ரெண்டு பேரும் ஒரு வீடுதான?"

"ஆமா சார்."

ரத்தம் ஒழுகுகிறவனை உள்ளே வைத்துக்கொள்ள அவருக்கு விருப்பமில்லை. தையல் போட்டுக்கொள்ளச் சொன்னார். கூப்பிடும்போது வர வேண்டும், பள்ளத்தாக்கைத் தாண்டக் கூடாது என்றார். பாஸ்போர்ட்டை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். வெளியே வரும்போது அண்ணன் தலையைத் தூக்கவில்லை. நானும் நிற்கவில்லை.

மறுநாள் காலையில் கம்பத்தில், கறிக்கடைகள் இருக்கும் தெருவில் நடந்தேன். ஒரு பிராய்லர் கடையில் ஆள் வரவில்லை என்று கடைக்காரர் யாரையோ போனில் திட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை. வெளியே கூட்டம் நின்றது. வேலை இருக்கிறதா என்றேன்.

என் வாயையும் காதுப் பஞ்சையும் பார்த்தார். "நீயே பாதி வெட்டுப்பட்டு வந்திருக்க. கோழி வெட்டத் தெரியுமாலே?"

கட்டையில் கிடந்த தொடை ஒன்றை எடுத்து, அவர் கத்தியால் இரண்டு கீறல் போட்டு, எலும்பை உருவிப் பக்கத்தில் வைத்தேன். அவர் எலும்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அதில் கறி ஒட்டியிருக்கவில்லை.

"எங்கன கத்துக்கிட்ட?"

"ஜப்பான்ல."

"ஆமா, நான் அமெரிக்காவுல கடை வச்சிருந்தேன்" என்றார். கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். "இங்கன எலும்பு உருவ நேரமில்ல. உசுரோட இருக்குறத வெட்டணும். வெட்டுவியா?"

அங்கே கோழி எனக்கு உயிர் போன பிறகுதான் வரும். அதை அவரிடம் சொல்லவில்லை. கூண்டுக்குள் கையை விட்டு ஒன்றைக் காலைப் பிடித்து இழுத்தார், என் கையில் கொடுத்தார். சூடாக இருந்தது. இறக்கையை மடக்கிப் பிடித்து, கழுத்தைப் பின்னால் வளைத்து அறுத்தேன். நீல டிரம்முக்குள் போட்டு மூடியைக் கையால் அமுக்கிக்கொண்டேன். உள்ளே அடித்துக்கொண்டது. வலது காதில் மட்டும் கேட்டது.

"ம், அடுத்தது" என்றார். கூண்டுக்குள் கையை விட்டேன்.